ஷல், ஷுட், வேண்டும்: ஜெனீவா வரை போன ஒரு சொற்பட்டியல்

இது 2025-இல் நாங்கள் செய்த ஒரு சட்டத் துணைப் பணியின் பதிவு. பிளாஸ்டிக் மாசு பற்றிய உலக ஒப்பந்தப் பேச்சுக்குப் பார்வையாளராகப் போன ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தோம். அவர் அங்கே இருந்த நாட்களில் கோவையிலிருந்து போனில் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னோம். நடுவில் எங்கள் பக்கம் ஒரு பிழை நேர்ந்தது. அது எப்படி வந்தது, எப்படிச் சரிசெய்யப் பார்த்தோம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆட்கள், சங்கம், நகரம் எதற்கும் இங்கே பெயர் இல்லை.

## பின்னணி

நாங்கள் நான்கு வக்கீல்கள். மாதத்தில் சில நாள் கட்டணம் வாங்காமல் சுற்றுச்சூழல் விவகாரங்கள் பார்க்கிறோம். கிணற்றில் சாயத் தண்ணீர், கல்குவாரி வெடி, கோழிப்பண்ணை ஈ, இப்படி எல்லாம் உள்ளூர்ப் பிரச்சினைதான். ஜெனீவா எங்கள் டைரியில் இருந்ததில்லை.

2025 மார்ச்சில் கொங்கு வட்டாரத்து நகரம் ஒன்றிலிருந்து கழிவு சேகரிக்கும் பெண்களின் சங்கம் வந்தது. 63 பேர். விடியற்காலை சாக்கோடு கிளம்பி, தண்ணி பாட்டில், பால் கவர், உடைந்த குடம், சேர் எல்லாம் பொறுக்கி, தரம் பிரித்துக் காயலாங்கடையில் எடைக்குப் போடுகிறவர்கள். அவர்கள் சேர்ந்திருக்கும் தேசியக் கூட்டமைப்பு ஆகஸ்ட் மாத ஜெனீவாக் கூட்டத்துக்கு இரண்டு பார்வையாளர் அட்டைகள் வாங்கித் தந்திருந்தது. ஒன்று சங்கத் தலைவிக்கு. எட்டாவது வரை படித்தவர், ஐம்பதை நெருங்குகிறவர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. இன்னொன்று மொழிபெயர்க்கக் கூடப் போகும் பெண்ணுக்கு. சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், இன்ஜினீயரிங் முடித்தவர்.

ஒப்பந்தத்தின் கதை சுருக்கமாக: 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, பிளாஸ்டிக் மாசுக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்பாடு வேண்டும் என்று தீர்மானித்தது. 2024 முடிவதற்குள் வேலையை முடிப்பதாகத் திட்டம். புந்தா டெல் எஸ்தே, பாரிஸ், நைரோபி, ஒட்டாவா, பூசான் என்று ஐந்து சுற்று நடந்தும் முடியவில்லை. ஜெனீவா, பூசானின் மிச்சம். அக்கா மாதிரி ஆட்களுக்கு இதில் என்ன இடம் என்றால், அந்த 2022 தீர்மானத்திலேயே, முறைசாரா வேலையிலும் கூட்டுறவுகளிலும் இருப்பவர்கள் பிளாஸ்டிக்கைச் சேகரித்து, பிரித்து, மறுசுழற்சிக்குத் தருவதில் ஆற்றும் பங்கு குறிப்பிடப்பட்டிருக்கிறது. வரைவில் 'நியாயமான மாற்றம்' என்று, அதாவது மாற்றத்தால் பிழைப்பு பாதிக்கப்படுகிறவர்களைக் கவனிப்பது பற்றி, தனிப்பிரிவும் வந்துவிட்டது.

அக்கா கேட்டது ஒன்றுதான். "பேப்பர்ல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியாம அங்க போயி நின்னா நல்லாவாங்க இருக்கும்?"

வசதி குறைந்த நாடுகளின் பிரதிநிதிகளுக்குக் காலநிலைப் பேச்சுகளில் இலவசச் சட்ட ஆலோசனை தரும் அமைப்பு ஒன்று 2009 முதல் லண்டனில் இருக்கிறது, லீகல் ரெஸ்பான்ஸ் இன்டர்நேஷனல் என்று. பேச்சு நடக்கும் இடத்திலிருந்து கேள்வி வரும், வேறு ஊர்களில் உள்ள வக்கீல்கள் பதில் எழுதி அனுப்புவார்கள். பேச்சுக்கு முன்னால் பயிற்சியும் கொடுப்பார்கள். அதை மனதில் வைத்து நாங்களும் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம்: முன்னால் ஆறு சனிக்கிழமை வகுப்பு, அங்கே இருக்கும்போது இரவு பகலாக ஒரு வாட்ஸ்அப் குழு. ஒரு வித்தியாசத்தை மட்டும் நாங்கள் போதிய அளவு யோசிக்கவில்லை. லண்டன்காரர்கள் உதவுவது பேச்சுவார்த்தையில் உட்காரும் அதிகாரிகளுக்கு. கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில். எங்கள் ஆளுக்கு எல்லாமே தமிழில் போய்த் தமிழில் திரும்பி வர வேண்டும்.

## வகுப்புகள்

முதல் இரண்டு சனிக்கிழமையும் வீண். ஐ.நா. அமைப்பு, உடன்படிக்கை என்றால் என்ன, கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் என்ன வித்தியாசம் என்று சட்டக் கல்லூரிப் பாடத்தையே கொண்டுபோய்க் கொட்டினோம். வந்திருந்த பன்னிரண்டு பெண்களும் மரியாதைக்காகக் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். காலை நான்கு மணிக்கு எழுந்தவர்களை மதியம் இரண்டு மணிக்கு உட்காரவைத்து வியன்னா உடன்படிக்கை பேசினால் வேறென்ன நடக்கும்?

மூன்றாவது வாரம் ஒரு பெண் கேட்டார்: "அங்க எழுதறது இங்க எதுக்குங்க ஆவும்?" அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் வகுப்பு பிடித்துக்கொண்டது.

பதிலாக இரண்டு உதாரணம் கிடைத்தன. ஒன்று பாலாறு. 1992-இல் ரியோவில் நாடுகள் கூடி, ஆபத்து முழுசாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும், கெடுத்தவன் செலவை ஏற்க வேண்டும் என்று எழுதின. நாலு வருஷத்தில், 1996 ஆகஸ்டில், வேலூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது. அதாவது, அங்கே எழுதுகிற வாசகம் எப்போதாவது இங்கே ஒரு நீதிபதியின் மேசைக்கு வரும்.

இரண்டாவது உதாரணத்தை நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'நியாயமான மாற்றம்' என்றால் என்ன என்று நாங்கள் தடுமாறிக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் இருந்த ஒருவர் 2011 பற்றிப் பேச ஆரம்பித்தார். அவருடைய வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் சாயப்பட்டறை வேலையில் இருந்தவர்.

நொய்யல் வழக்கு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாசனத்துக்கு என்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு நிறைந்தது. கீழே ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடைமுறைக்கு வராமலே இழுத்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஏறக்குறைய 700 பட்டறைகள். ஆற்றுக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பெண் கேட்டது வேறு. "மொதலாளிமாருங்க பேங்குக்கும் கோட்டைக்கும் நடந்தாங்க. வெவசாயிங்களுக்குக் கோர்ட்டு இருந்துச்சு. எங்கூட்டுக்காரரு பேரு எந்தப் பேப்பர்லயும் இல்லீங்களே?"

அக்கா திரும்பி எங்களைப் பார்த்தார். "அந்தப் பேரு பேப்பர்ல இருக்கோணும்ங்கறதுதானே இந்த மாத்தம்?" எங்கள் கையில் இருந்த விளக்கக் குறிப்பு நான்கு பக்கம். அவர் சொன்னது அதைவிடச் சரியாக இருந்தது.

நான்காவது வாரம் வாசகத்தின் எடையை எடுத்துக்கொண்டோம். 2015 டிசம்பர் 12, பாரிஸ். காலநிலை ஒப்பந்தத்தின் இறுதி வரைவு வெளியான பிறகு, நான்காம் பிரிவின் நான்காம் பத்தியில், வளர்ந்த நாடுகளின் பொருளாதாரம் தழுவிய உமிழ்வுக் குறைப்பு இலக்குகளைப் பற்றிய இடத்தில் 'ஷல்' என்று இருப்பதை அமெரிக்கத் தரப்பு கண்டது. முந்தைய வரைவுகளில் அங்கே 'ஷுட்'தான். 'ஷல்' (shall) என்றால் சட்டக் கடமை, 'ஷுட்' (should) என்றால் செய்தால் நல்லது என்ற அளவுதான். அமெரிக்காவில் செனட் சபைக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே நிறைவேறாது. கூட்டம் தாமதமானது. முடிவில், எழுத்துப் பிழைத் திருத்தங்களோடு சேர்த்து அந்தச் சொல்லும் 'ஷுட்' என்று மாற்றி வாசிக்கப்பட்டது. தலைவர் லோரான் ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டினார். இன்றைக்கு அந்தப் பத்தியில் 'ஷுட்'தான் இருக்கிறது.

கதை நன்றாக எடுபட்டது. "ஒத்தச் சொல்லுக்கு இத்தன ரோதனையா" என்று சிரித்தார்கள். அன்றைக்கு வகுப்புக்கு வராதவர் ஒருவர் மட்டும்: மொழிபெயர்க்கும் பெண். விசா வேலையாகச் சென்னை போயிருந்தார். அடுத்த வாரம் அவருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். சொல்லவில்லை.

## சொற்பட்டியல்

ஜூலையில் 140 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை நானே தயாரித்தேன். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில், எதிரே பொருள். பிராக்கெட் என்றால் 'இன்னும் ஒத்துக்கொள்ளாத வாசகம்'. கான்டாக்ட் குரூப் என்றால் 'ஒரு பிரிவை மட்டும் பேசும் சிறு கூட்டம்'. கன்சென்சஸ் என்றால் 'யாரும் எழுந்து எதிர்க்காத நிலை'. இவற்றுக்கெல்லாம் நிறைய யோசித்தேன். 'மே' என்பதற்கு '-லாம்' என்று போட்டேன், சரிதான்.

ஷல்: வேண்டும். ஷுட்: வேண்டும்.

இரண்டும் பட்டியலில் வேறு வேறு பக்கத்தில் இருந்தன. எழுதியது ஒரே இரவில். மறுவாசிப்பு செய்த நண்பரும் கவனிக்கவில்லை. நாங்கள் வக்கீல்கள், ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததுமே எடை மனதில் வந்துவிடுகிறது, எதிரே உள்ள தமிழை நாங்கள் படிப்பதே இல்லை. சட்டத் தமிழில் கட்டாயத்தைக் காட்ட 'செய்தல் வேண்டும்' என்று ஒரு நடை உண்டு. கோர்ட்டைத் தாண்டினால் அது 'செய்ய வேண்டும்' மாதிரியேதான் காதில் விழும். 'மழை பெய்ய வேண்டும்' என்கிறோம், 'வரி கட்ட வேண்டும்' என்கிறோம். ஒன்று ஆசை, ஒன்று கட்டளை.

இன்னொன்றும் பின்னால்தான் தெரிந்தது. நம் பள்ளிகளில் ஷல் என்பது 'ஐ ஷல், வீ ஷல்' என்று எதிர்காலத்துக்குச் சொல்லித் தரப்படுகிறது. வாத்தியார் அதட்டும்போது வருவது ஷுட். ஆகவே படித்த பிள்ளை ஒருவருக்கு இரண்டில் எது கண்டிப்பு என்று கேட்டால் ஷுட் என்றே சொல்வார். எங்கள் மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான் நினைத்திருந்தார். பட்டியல் அந்த நினைப்பைத் திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை.

## ஜெனீவா, முதல் ஐந்து நாள்

ஆகஸ்ட் 5 அன்று கூட்டம் தொடங்கியது. 183 நாடுகள், மொத்தம் 2,600 பேருக்கு மேல். இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அக்கா முதல் நாள் அனுப்பிய குரல் செய்தியில் கூட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. இட்லி மாவு கிடைக்காததைப் பற்றியும், கூட்டம் நடந்த பலே தெ நாசியோன் வளாகத்தில் மயில் திரிவதைப் பற்றியும் இருந்தது. "நம்மூர்ல வெள்ளாமையத் திங்கற மயிலுதான், இங்க ராசா மாதிரி நடக்குது."

பார்வையாளருக்கு ஓட்டு இல்லை. பேச நேரம் கிடைத்தால் கடைசியில் இரண்டு நிமிடம். சிறு கூட்டங்களில் பின்னால் உட்காரலாம், நாடுகள் தனியாகப் பேசும்போது கதவு மூடிவிடும். இதை முன்பே சொல்லியிருந்ததால் அவர் ஏமாறவில்லை. நடைபாதையில் பிரதிநிதிகளை நிறுத்திப் பேசுவதற்கு மூன்று வரிச் சீட்டு ஒன்று தயாரித்துக் கொடுத்திருந்தோம்: யார் நாங்கள், எந்தச் சொல் இருக்க வேண்டும், ஏன். அதை நன்றாகவே பயன்படுத்தினார்.

வரைவு மெலிவதற்குப் பதில் கொழுத்துக்கொண்டிருந்தது. 22 பக்கமாக வந்தது 35 பக்கம் ஆனது. அடைப்புக்குறிகள் ஏறக்குறைய 1,500. எண்ணெய் உற்பத்தி நாடுகள் பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு வேண்டாம் என்றன, நூறு நாடுகளுக்கு மேல் வேண்டும் என்றன. ஒருமித்த முடிவு வராவிட்டால் ஓட்டெடுப்பா என்ற கேள்வி 2023 பாரிஸ் சுற்றிலிருந்தே தீராமல் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சில் ஒரு பங்காளி முறுக்கிக்கொண்டாலும் தாம்பூலம் மாறாது இல்லையா, அந்த நிலைமை.

## ஆகஸ்ட் 9 முதல் 11 வரை

சனிக்கிழமை மாலை எங்கள் குழுவில் ஒரு பக்கத்தின் படம் வந்தது. ஒரு வரியில் ஷல், ஷுட் இரண்டும் அடுத்தடுத்த அடைப்புக்குறிகளில். கீழே மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு: 'இரண்டு தரப்பும் வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள், சொல்தான் வேறு. ஷுட் என்பதை நிறையப் பேர் கேட்கிறார்களாம். நல்ல செய்தி.'

நான் படத்தைப் பார்த்தேன், குறிப்பைப் படிக்கவில்லை. 'சரி, தொடர்ந்து கவனியுங்கள்' என்று பதில் போட்டேன். அந்த 'சரி' எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியாது.

அதே குறிப்பு ஊரில் சங்கத்தின் குழுவுக்கும் போயிருந்தது. அங்கே என் 'சரி'யும் சேர்ந்தே போனது. ஞாயிறன்று சங்கம் கூடி, 500 துண்டறிக்கை அடித்தார்கள். 'உலக நாடுகள் ஒப்புக்கொண்டன! கழிவு சேகரிப்போரின் வாழ்வாதாரம் காப்பது இனி அரசுகளின் கட்டாயக் கடமை!' கீழே தலைவியின் பெயர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் 200 போலக் கொடுத்தும் விட்டார்கள். நகராட்சி அலுவலகத்திலும் கொடுத்தார்கள்.

துண்டறிக்கை எங்களுக்கு எட்டியது திங்கள் இரவு, நாலைந்து குழு சுற்றிய பிறகு. எங்கள் ஜூனியர் அனுப்பி, கீழே கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

தவறு இரண்டு. ஒன்று, யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது முடிவல்ல. இது அக்காவுக்கே தெரியும், ஊரில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். இன்னொன்று, நிறையப் பேர் கேட்பதாகச் சொன்ன ஷுட், அவர்களுக்குப் பாதகமான சொல். அது முழுக்க எங்கள் பட்டியலின் வேலை.

## எடுத்த முடிவும் காரணமும்

அன்றிரவு நால்வரும் பேசினோம். ஒருவர், இன்னும் மூன்று நாளில் கூட்டம் முடியப்போகிறது, வாசகம் எப்படியும் மாறும், அதுவரை விட்டுவிட்டுப் பிறகு மொத்தமாகத் திருத்தலாம் என்றார். அங்கே தனியாக நிற்கிற மனுஷியை இப்போது கலக்க வேண்டாம் என்பது அவர் வாதம். தள்ளிவிட முடியாத வாதம்தான். இன்னொருவர், எங்கள் பெயரில் ஒரு மறுப்பு வெளியிட்டுப் பழியை நாமே ஏற்கலாம் என்றார்.

இரண்டையும் செய்யவில்லை. துண்டறிக்கையில் இருப்பது அக்காவின் பெயர். அவர் அறியாமல் நாங்கள் மறுப்பு விட்டால், ஊரில் 'வக்கீலுங்களே இல்லேன்னுட்டாங்க' என்றுதான் பேச்சு ஓடும், அவர் திரும்பி வரும்போது நிற்க இடம் இருக்காது. காத்திருந்தாலோ, அந்த மூன்று நாளும் அவர் தவறான சொல்லுக்காக நடைபாதையில் ஆள் பிடித்துக்கொண்டிருப்பார். ஆகவே முதலில் அவருக்குச் சொல்வது, திருத்தத்தை ஊருக்கு அவர் வாயாலேயே சொல்லவைப்பது, மொழிபெயர்த்த பெண்ணின் தலையில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

இந்திய நேரம் இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டேன். பட்டியல் என் கையால் எழுதியது, தப்பு என்னுடையது என்று தொடங்கினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னணியில் அந்தப் பெண் அழுவது கேட்டது. "அழுவாத கண்ணு, நீயா எழுதுன" என்றார் அக்கா. அப்புறம் என்னிடம்: "ஏனுங்க வக்கீலுங்க, ரெண்டுக்கும் ஒரே சொல்லப் போட்டா நாங்க என்னத்தக் கண்டோம்? எங்ககிட்டக் கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்பமல்லோ."

கேட்டேன். பத்து நிமிடத்தில் பட்டியல் தயாரானது. ஷல் என்றால் 'செஞ்சே தீரோணும்'. ஷுட் என்றால் 'செஞ்சாத் தேவல'. மே என்றால் 'செய்யலாம்'. 'ஷல் எண்டெவர்' என்று ஒன்று வருமே, முயல்வார்கள் என்கிற அர்த்தத்தில், அதற்கு என்ன போடுவது என்றேன். "'பாக்கலாம்'னு எழுதுங்க" என்றார். கொங்கில் 'பாக்கலாம்' என்று ஒருவர் சொன்னால் காரியம் எந்த நிலையில் இருக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. எண்டெவர் பற்றிச் சட்ட இதழ்களில் எழுதுவதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

மறுநாள் காலை சங்கக் குழுவுக்கு அவர் குரல் செய்தி போட்டார்: நேற்றுக் கொடுத்த நோட்டீஸ் தப்பு, இன்னும் யாரும் ஒத்துக்கவில்லை, மிச்சத்தைக் கொடுக்க வேண்டாம், வாங்கினவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். மிச்சமிருந்த 300-இன் பின்பக்கத்தில் திருத்தம் அச்சடித்து, கொடுத்த இடங்களிலேயே கொடுத்தார்கள். அச்சுச் செலவு எங்களுடையது.

ஜெனீவாவில், பிரிவு முழுவதையும் துரத்துவதை விட்டுவிட்டு, 'தீரோணும்' என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் புதிய சீட்டு ஒன்றை ஏழு நாட்டுப் பிரதிநிதிகளிடம் கொடுத்தார். இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சீட்டால் எதுவும் மாறியது என்று சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

## 13 முதல் 15 வரை

13-ஆம் தேதி கூட்டத் தலைவர் தன் வரைவை வைத்தார். அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டு, உற்பத்தி பற்றிய பிரிவையும் விட்டுவிட்டு வந்த அந்த வரைவைப் பல நாடுகள் அன்றே நிராகரித்தன. 14-ஆம் தேதியோடு முடிய வேண்டிய கூட்டம் விடியும்வரை இழுத்தது. நள்ளிரவுக்குப் பின் இன்னொரு வரைவு வந்தது. 15-ஆம் தேதி காலை, ஒப்பந்தம் இல்லாமலே கலைந்தார்கள்.

இங்கே சுதந்திர தினக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அக்காவின் செய்தி மூணே சொல்: "ஒண்ணும் ஆவுல. வாறோம்."

## ஊரில் பிறகு

துண்டறிக்கையின் விலையை முதல் வாரமே கொடுத்தார்கள். நகராட்சி அலுவலகத்தில் ஒருவர், "உங்க உலக ஒப்பந்தம் எங்கம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சங்கத்தில் இரண்டு பேர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்; ஒருவர் மட்டும் திரும்பினார்.

செப்டம்பரில் அக்கா எங்களைப் பார்க்க வந்தார். கேள்வி ஜெனீவா பற்றியதல்ல. "நம்ம நாட்டுச் சட்டத்துல எங்களைப் பத்தி எழுதியிருக்குதுங்களா? அதுல தீரோணுமா, தேவலையா?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆறு வகுப்பு எடுத்தும் அதை நாங்கள் காட்டவே இல்லை. அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளின் 15-ஆம் விதி, கழிவு சேகரிப்போரின் அமைப்புகளை அங்கீகரிக்கவும், வீடு வீடாகக் குப்பை வாங்குவது உட்பட அந்த வேலையில் அவர்களைச் சேர்க்கவும் ஒரு முறையை உள்ளாட்சி ஏற்படுத்த வேண்டும் என்றது. விதியின் தொடக்க வரியிலேயே இருந்தது ஷல். அதாவது, தீரோணும்.

ஷல் இருந்துவிட்டால் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் இந்த முறை சொன்னோம். அரசமைப்பின் 320(3) பிரிவில் ஷல் இருந்தும் அது கட்டாயமல்ல, வழிகாட்டுவது மட்டுமே என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொல்லை மட்டும் பார்க்காமல், சட்டத்தின் நோக்கம், மீறினால் என்ன விளைவு என்பதையெல்லாம் சேர்த்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். அக்காவுக்கு அது ஆச்சரியமாக இல்லை. "தீரோணும்னு சொல்லிப்போட்டுத் தீராத காரியம் எங்கூட்லயே கெடக்குதுங்க."

மனு கொடுத்தோம். 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. அது பட்டியலின் நான்காவது வரி என்று சங்கத்தில் சிரித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி போட்டோம். டிசம்பரில் 63 பேரில் 38 பேருக்கு அடையாள அட்டை வந்தது. மற்றவர்களுக்கு ரேஷன் கார்டு முகவரி வேறு ஊரில் இருப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. அட்டையால் வருமானம் கூடவில்லை. விடியற்காலையில் போலீஸ் நிறுத்திக் கேள்வி கேட்பது குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

## மறுமுறை மாற்றுவது

சொற்பட்டியலை நாங்கள் எழுதி அவர்களிடம் கொடுக்க மாட்டோம். ஒரு வரைவு வாசகத்தை வாசித்துக் காட்டி, 'இதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்டுத் தயாரிப்போம். தயாரான பிறகு இன்னொருவர் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து, ஆங்கிலப் பக்கத்தை மூடிவைத்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்திருந்தால் இரண்டு 'வேண்டும்' கண்ணில் பட்டிருக்கும்.

ஒப்பந்தம் என்றைக்காவது வந்தாலும், ஐ.நா. உடன்படிக்கைகளின் வழக்கப்படி அதிகாரபூர்வ வாசகம் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் ஆகிய ஆறு மொழிகளில்தான் இருக்கும். தமிழ் வாசகத்துக்குச் சட்ட மதிப்பு இருக்காது. ஆனால் 500 துண்டறிக்கை அடித்தது தமிழ் வாசகத்தைப் பார்த்துத்தான். அதனால், அங்கிருந்து ஊருக்கு எந்தச் செய்தி போவதானாலும் எங்களில் ஒருவர் படித்து, வரிக்கு வரி பதில் எழுதிய பிறகே போகும். வெறும் 'சரி' என்று பதில் போடுவதைக் குழுவில் தடை செய்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத வகுப்பை நடத்த மாட்டோம். அவர் வர முடியாவிட்டால் வகுப்பு அடுத்த வாரம். முதல் வகுப்பு ஜெனீவா வரைவில் தொடங்காது, நம் நாட்டுத் திடக்கழிவு விதிகளில் தொடங்கும். அதற்கு அடுத்தது 2011 ஜனவரி உத்தரவு. பாரிஸ் கதை மூன்றாவதாக வரும்.

மொழிபெயர்த்த பெண் இப்போது சங்கத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த சுற்றுக்கு அவரே போவார். மீதி 25 பேரின் முகவரிச் சான்றுக்கான விண்ணப்பங்களை இந்த வாரம் அவர்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.